வேண்டாம் என்கிற பொத்தான்

மாப்பிள்ளை வீட்டு அம்மாவுக்கு, பெண் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது.

இன்று காலை கொடுமுடிக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்கக் கணினியைத் திறந்தேன். உங்கள் முதல் வருடத் திதி வருகிறது, காவிரிக் கரையில்தான் கொடுக்கிறார்கள். நேரத்தைக் காட்டுவதற்கு முன்னால் அந்தத் தளம் திரைக்கு நடுவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. குக்கீகளை ஏற்கிறீர்களா, வேண்டாமா என்று கேட்டது. 'வேண்டாம்' பக்கம் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கி, "ஏன் தனியாச் சிரிச்சுட்டிருக்கற?" என்றார். "சம்மந்தியம்மா ஞாபகம் வந்துருச்சுங்க" என்றேன். அவரும் சிரித்தார்.

அந்தப் பெட்டி உங்களுக்கு முதன்முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சரவணம்பட்டியில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மாப்பிள்ளை வாங்கி அனுப்பிய புது மடிக்கணினி. நீங்கள் குளித்துத் திருநீறு பூசி, அதற்கும் ஒரு கீற்று பூசிவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"குக்கீன்னா பிஸ்கட்டுங்களா அம்மணி?"

"பேரு அதானுங்க. ஆனா இது திங்கறதில்லீங்க." நாம் வந்துபோனதை ஞாபகம் வைத்துக்கொள்ள அந்தத் தளம் நம் கணினியில் போட்டுவைக்கிற சின்னக் குறிப்பு என்று விளக்கினேன். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஒன்றும் ஆகாது என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருத்தம் இருந்தது. "ஒறம்பரையா விருந்துக்குப் போன எடத்துல குடுத்ததை வேண்டாங்கலாமுங்களா? அவிய மனசு சங்கடப்படுமில்லீங்க" என்று சொல்லி, 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதை அமுக்கினீர்கள். அமுக்கிவிட்டு லேசாகத் தலையை ஆட்டி நன்றியும் சொன்னீர்கள்.

எப்படி ஆரம்பித்தது என்பதை உங்களுக்கே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளை உங்கள் ஒரே மகனுக்குக் கொடுத்தோம், அவர்கள் ஆஸ்திரேலியாவில் குடித்தனம் வைத்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த வீட்டில் நீங்கள் ஒருத்தர்தான். மாப்பிள்ளைக்கு அது பெரிய கவலை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டார். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "பாக்கலாம் கண்ணு" என்றீர்கள். நம் ஊரில் பாக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம். மாப்பிள்ளை ஊரை விட்டுப் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது, அது மறந்துவிட்டது. அம்மா சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்லித் தரகரிடம் பேசியும் விட்டார்.

அன்றைக்குத்தான் நீங்கள் கணபதிப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து வந்தீர்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு அங்க போக மனசே இல்லீங்க அம்மணி. எம்பட ஊட்ட உட்டுப்போட்டு அந்தக் குளிர்ல போயி நான் என்னுங்க பண்றது? ஆனா அவன் அத்தனை ஆசையாக் கூப்படறான். எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?" என்றீர்கள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

உங்களுக்காக நான் மாப்பிள்ளையிடம் பேசினேன். அவர் நியாயஸ்தர்தான். "அத்தை, கேஸ் சிலிண்டர் பதியணும்னா எனக்குப் போன் பண்றாங்க. டாக்டரைப் பாக்கணும்னா எனக்குப் போன். ரயில் டிக்கெட்டுக்கும் எனக்குப் போன். எல்லாமே நெட்லதான். தனியா எப்படி இருப்பாங்க? இந்த மூணையும் அவங்களே செய்யட்டும், நான் பாக்கறேன். அப்புறம் கூப்பிடவே மாட்டேன்" என்றார். ஒரு மாதம் தவணை. மாதக் கடைசி ஞாயிறு, வீடியோ அழைப்பில், யார் உதவியும் இல்லாமல், அவர் கண் முன்னால் செய்துகாட்ட வேண்டும். தவறினால் அடுத்த விமானம். பம்புசெட் கம்பெனி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சும் கணினியுமாக இருந்தவள் நான். ஒரு மாதம் எதற்கு, பத்து நாள் போதும் என்று வாயை விட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர்தான் பயந்தார். "அவிய மாப்பிள்ளை ஊட்டு அம்மா. ஆபீசுல பேசற மாதிரி பேசிப்போடாத" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார். அவர் பயந்ததில் தப்பில்லை. என் கோபத்தைப் பற்றி அந்தக் கம்பெனியில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். கணினியில் ஒரு பொத்தானை மாற்றி அமுக்கிய ஒரு மேலாளரை, மேலாளர் என்றும் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுப்பியவள் நான். அப்பேர்ப்பட்டவள், பெண்ணைக் கொடுத்த இடத்து அம்மாவுக்கு 'தப்பு' என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் பாடம் நடத்த வேண்டும். நீங்கள் எதை மாற்றி அமுக்கினாலும், "அப்படியும் பண்ணலாமுங்க. இப்படிப் பண்ணுனா இன்னும் நல்லா இருக்குமுங்க" என்றுதான் சொன்னேன். வீட்டுக்குப் போய்த் தலையணையைக் குத்தினேன்.

ஆனால் நீங்கள் மந்தமில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுத்தவர். நான் பாதி சொல்லும்போதே மீதியை எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றிக்கொண்டீர்கள். பிரவுசர் என்றால் வயர் மாட்டி லைன் கொடுக்கிற போர்டு. மேலே நீளமாக இருக்கிற முகவரிப் பட்டையில் முழு முகவரியையும் போட்டால் நம்பர் தெரிந்து நேராகக் கூப்பிடுவது. பெயர் மட்டும் தெரிந்து தேடினால் விசாரணைப் பிரிவில் கேட்பது. "வெசாரணைல சொல்றது எல்லாம் சரியா இருக்காதுங்க, நாமதான் ரெண்டு தடவை பாத்துக்கோணும்" என்று நீங்களே சொன்னீர்கள். மேலே வருகிற விளம்பரங்களை நம்பாதீர்கள், முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு உள்ளே போங்கள் என்று சொல்ல நான் ஒரு முழு நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். உங்களுக்கு அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தேடல் பெட்டியில் நீங்கள் முதல் கேள்வியைத் தட்டியபோது பக்கத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டீர்கள். "வணக்கமுங்க. கொடுமுடிக்கு ரயிலு எத்தனை மணிக்குங்க?" அது எப்படியோ புரிந்துகொண்டு நேரத்தைக் காட்டியது. நான் பாராட்டுவதற்குள் நீங்கள் மறுபடியும் தட்ட ஆரம்பித்தீர்கள். "நெம்ப நன்றிங்க." அதற்கும் அது தேடியது. திரை முழுக்க ரோஜாப் பூவும் கூப்பின கையுமாக நன்றி வாழ்த்துப் படங்கள் வந்து குவிந்தன.

"பாத்தீங்களா? திரும்ப மரியாதை பண்றாங்க" என்றீர்கள்.

அது இயந்திரம், அதற்கு மரியாதை தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நமக்குத் தேவையிருக்குதில்லீங்க" என்று பதில் வந்தது. நான் கொண்டுபோன குறிப்பேட்டில் 'ங்க போடத் தேவையில்லை' என்று எழுதியிருந்த வரியை உங்களுக்குத் தெரியாமல் அடித்தேன்.

பக்கத்தைத் தமிழில் மாற்றிப் படிக்கிற வித்தையைக் கற்றுக்கொடுத்தது என் யோசனைதான், அதற்கு நானே பொறுப்பு. கேஸ் பதிகிற தளம் தமிழாகி, 'உங்கள் வாயுவைப் பதிவு செய்யுங்கள்' என்று கொட்டை எழுத்தில் கேட்டது. நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தீர்கள். "ஏனுங்க, இதையெல்லாம் எதுக்குங்க பதிவு பண்ணோணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். சம்பந்தி முன்னால் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். அதன் பிறகு நாம் இருவரும் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. கல்யாணம் முடிந்து மூன்று வருடத்தில் நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் உங்கள் கணினி நகராமல் நின்றுவிட்டது. வந்து பார்த்தால் மேலே தாவல்கள் வரிசையாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நீங்கள் திறந்த பக்கம் ஒன்றைக்கூட மூடவில்லை. மூடுவதற்கு அந்தப் பெருக்கல் குறியைக் காட்டியிருந்தேனே என்று கேட்டேன்.

"அவிய இன்னும் பேசிட்டிருக்காங்களே அம்மணி. பாதியில வயரைப் புடுங்கறதுங்களா? எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பக்கமும் வெச்சதுக்கப்பறம்தான் நாங்க எடுப்போம். முப்பது வருசத்துல நானா ஒருத்தர் லைனையும் கட் பண்ணுனதில்லீங்க" என்றீர்கள். சமையல் பக்கம் ஒன்றில் காணொளி வேறு ஓடிக்கொண்டேயிருந்தது. அந்த அம்மாள் மூன்று நாளாக அரிசிம்பருப்பு சாதம் செய்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம்விட மோசம் அந்தச் சத்தம். உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் கோவில் மணி மாதிரி டிங் டிங் என்று கேட்டுக்கொண்டேயிருந்தது. எந்தத் தளத்துக்குப் போனாலும் 'அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று கேட்கும் அல்லவா, கேட்ட அத்தனை பேருக்கும் நீங்கள் "தாராளமா அனுப்புங்க" என்று அனுமதி கொடுத்திருந்தீர்கள். கேரளத்துப் படகு வீட்டுக்காரர்கள், சிமெண்ட் விலை சொல்பவர்கள், எந்த மொழி என்றே தெரியாத ஒரு கல்யாண மண்டபம் என்று எல்லோரும் உங்களுக்குச் சேதி அனுப்பினார்கள். நீங்கள் ஒன்று விடாமல் படித்தீர்கள். அனுப்பினவர்கள் மனசு நோகக் கூடாதே. ஒரு பெட்டி 'வாழ்த்துகள்! நீங்கள் கார் வென்றுள்ளீர்கள், உடனே விவரங்களைத் தாருங்கள்' என்று குதித்தபோது மட்டும் உங்கள் கையைப் பிடிக்க எழுந்துவிட்டேன். நீங்கள் நிதானமாக, "எனக்கு எதுக்குங்க காரு? ஓட்டத் தெரியாதுங்க. இல்லாதவிய யாருக்காச்சும் குடுங்க" என்று திரையிடம் சொல்லிவிட்டு முகப்புப் பொத்தானை அமுக்கினீர்கள். உங்களைக் காப்பாற்றியது என் பாடமில்லை, உங்கள் தாராள மனசுதான்.

முகப்புப் பொத்தான் என்று நான் எழுதுகிறேன். அதில் ஒரு குட்டி வீட்டுப் படம் இருக்கும். உங்களுக்கு அது ஊட்டுப் பொத்தான். "எங்க போயி மாட்டுனாலும் ஊட்டுக்குப் போறதுக்கு ஒண்ணு வெச்சிருக்காங்க பாருங்க, நல்லவிய" என்றீர்கள். அதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தரகர் அன்றைக்குக் காலையில்தான் யாரையோ கூட்டிவந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். வந்தவர்களுக்கு நீங்கள் காப்பியும் கொடுத்திருந்தீர்கள்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது கேஸும் டிக்கெட்டும் இல்லை. 'வேண்டாம்' என்கிற ஒரே ஒரு பொத்தான்தான். அதை அமுக்கத் தெரியாமல்தான் கணினியும் நிறைந்துபோனது, தரகரும் உள்ளே வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வேறு எந்தப் பாடமும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தளமாகத் திறக்க வேண்டியது, பெட்டி வந்ததும் வேண்டாம் என்று அமுக்க வேண்டியது. முதல் நாள் நீங்கள் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கையைக் கூப்பி, "மன்னிச்சுக்குங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினீர்கள். தாவல்களை மூடுவதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு மூடலாம், சொல்லிவிட்டால் பாதியில் வைத்ததாகாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொருவரிடமாக விடைபெற்றீர்கள். அரிசிம்பருப்பு சாதம் செய்த அம்மாளிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினீர்கள்.

மூன்றாவது வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வழக்கம்போல் காப்பி கொடுத்தேன். டம்ளரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னீர்கள்: "அம்மணி, வேண்டாமுங்க. உங்க ஊட்டுக் காப்பி நெம்ப இனிப்புங்க. நிச்சயதார்த்தத்துலருந்தே சொல்லோணும்னு இருந்தனுங்க."

எங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கோ அந்த இடத்திலேயே உங்களுக்கு ஒரு சான்றிதழ் தட்டச்சு செய்து கொடுக்கலாம் போல இருந்தது.

பரீட்சை ஞாயிறு வந்தது. கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து, அதில் மாப்பிள்ளை. மடிக்கணினித் திரை அவருக்கும் தெரிகிற மாதிரி ஏற்பாடு. நான் அந்த வீட்டில் இல்லை என்று என் மகள் மூலமாகச் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வலது கையைத் தூக்கினால் வலப்பக்கப் பொத்தான், இரண்டு விரல் காட்டினால் இரண்டு தடவை தட்ட வேண்டும், தலையைச் சொறிந்தால் பின்னால் போக வேண்டும் என்றெல்லாம் சைகை பேசி வைத்திருந்தோம். உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, அதுதான் உண்மை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் என் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. வாயுவைப் பதிவு செய்தீர்கள். கண் மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கினீர்கள். மாப்பிள்ளை, "சூப்பர்ம்மா" என்றார். எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும் போல் இருந்தது. அப்போதுதான் நீங்கள் முதல் தடவையாகத் திரும்பினீர்கள்.

"அம்மணி, எத்தனை நேரமுங்க நின்னுட்டே இருப்பீங்க, கால் வலிக்கும். வந்து உக்காருங்க."

"யாரும்மா அங்க?" என்றது சொம்புப் பக்கமிருந்து குரல்.

"உம்பட அத்தைதான் கண்ணு. காத்தாலருந்து கதவுக்குப் பின்னால நிக்குது, பாவம்."

கையில் எதற்கென்று தெரியாமல் ஒரு கரண்டியோடு வெளியே வந்து, "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை" என்றேன். அவருக்குப் பின்னாலிருந்து என் மகள் சிரிப்பது கேட்டது.

மூன்றாவது வேலை ரயில் டிக்கெட். பாதி வரை நன்றாகத்தான் போனது. அதற்குள் அந்தத் தளம், 'நான் இயந்திரம் இல்லை' என்று உறுதி சொல்லச் சொன்னது. உங்கள் முகம் சுருங்கியது. "இத்தனை மரியாதையாக் கேட்டிருக்கறேன், என்னையப் பாத்து மெசினாங்கறாங்களே" என்றீர்கள். அதற்கடுத்து ஒன்பது படம் காட்டி, சிக்னல் விளக்கு இருக்கிற கட்டங்களைத் தொடச் சொன்னது. விளக்கு மட்டுமா, கம்பமும் சேர்த்தியா என்று யோசித்தீர்கள். "கம்பமில்லாம வெளக்கு எங்கீங்க நிக்கும்?" என்று கம்பத்தையும் தொட்டீர்கள். அது ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஒன்பது படம் காட்டியது. அப்புறம் வேறு. நான் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். நாலாவது சுற்றில் நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று சொல்லித் திரை வெள்ளையாகிவிட்டது.

"பாத்தீங்களாம்மா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை. அன்பாகத்தான் சொன்னார். "மூணுல ஒண்ணு போச்சு. நான் அடுத்த மாசம் வந்து கூட்டிட்டு வந்துடறேன். சரிங்களா?"

நீங்கள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கை மேசை மேல் எதையோ தேடுகிற மாதிரி நகர்ந்தது. பாக்கலாம் கண்ணு என்று வரப்போகிறது என்று நான் நினைத்தேன்.

"வேண்டாம் கண்ணு" என்றீர்கள்.

"என்னம்மா வேண்டாம்?"

"நான் வரலை. நீ கூப்புட்டது எனக்கு நெம்ப சந்தோசம். ஆனா வேண்டாம். டிக்கெட்டு வந்தாலும் வேண்டாம், வராட்டியும் வேண்டாம். நான் எம்பட ஊட்டுலயே இருந்துக்கறேன்." கையைக் கூப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, "இப்ப லைனை வெய்யி. நீ வெச்சதுக்கப்பறம்தான் நான் வெப்பேன்" என்றீர்கள்.

மாப்பிள்ளை வெகுநேரம் வைக்கவில்லை. கடைசியில், "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார். நீங்கள் என் பக்கம் திரும்பி, சர்க்கரை போடாமல் ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டீர்கள். குடித்து முடித்துவிட்டு, முதலிலிருந்து அந்த டிக்கெட்டை ஆரம்பித்தீர்கள். இந்தத் தடவை சைக்கிள் படம் கேட்டது. அதில் உங்களுக்குக் குழப்பமில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் நீங்கள் அந்த வீட்டில் இருந்தீர்கள். நாம் இருவரும் கொடுமுடிக்குப் போய் வந்தோம், நீங்கள் எடுத்த டிக்கெட்டில். தெரு விளக்கு எரியவில்லை என்று மாநகராட்சித் தளத்தில் நீங்களாகப் புகார் கொடுத்தீர்கள். "ஏனுங்க, லைட்டு எரியறதில்லீங்க. சௌகரியப்பட்டா வந்து பாருங்க" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டே நாளில் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். உங்கள் தெருக்காரர்கள் அதற்கு முன் எத்தனையோ தடவை காட்டமாக எழுதிப் பார்த்தவர்கள். இன்றுவரை அவர்களுக்கு அந்த ரகசியம் தெரியாது.

போன வருடம் ஒரு காலை பத்து மணிக்கு, உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் எனக்குப் போன் செய்தாள். மேசையில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். டாக்டர் இருதயம் என்றார். மாப்பிள்ளையும் என் மகளும் வந்து சேர்ந்தார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. கொடுமுடியில் அஸ்தி கரைத்துத் திரும்பிய அன்றைக்கு மாப்பிள்ளை அந்த மேசையில் என் எதிரே உட்கார்ந்தார்.

"அத்தை, நீங்க அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுக்காம இருந்திருந்தா, அவங்க எங்ககூட வந்திருப்பாங்க இல்ல? அன்னிக்குப் பக்கத்துல யாராவது இருந்திருப்போம்."

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். அந்தக் கேள்வியை நானே என்னிடம் நாலைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏதோ காகிதம் வேண்டும் என்று அவர் உங்கள் கணினியைத் திறந்தார். ஒரே ஒரு பக்கம்தான் மூடாமல் இருந்தது. அவர்கள் நாட்டுக்குப் போவதற்கான விசா விண்ணப்பம், தமிழில் மாற்றப்பட்டு, பாதி நிரப்பியபடி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். உங்களுக்குச் சொல்லித்தந்தவள் நான், என்னிடமே மறைத்திருக்கிறீர்களே என்று முதலில் கோபம்தான் வந்தது. பயண நோக்கம் என்ற இடத்தில், 'மகனையும் மருமகளையும் பாக்கோணுங்க.' எத்தனை காலம் என்ற இடத்தில், 'நாப்பது நாளுங்க.' நாடு திரும்புவீர்கள் என்பதற்கு என்ன காரணம் என்று கேட்ட இடத்தில், 'எம்பட ஊடு இங்கதானுங்க இருக்குது.' ஒவ்வொன்றுக்கும் கீழே, ஆங்கிலத்தில் நிரப்பவும் என்று சிவப்பில் வந்திருந்தது. நீங்கள் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததற்குப் போயிருந்தீர்கள்.

மாப்பிள்ளை அதை வாய்விட்டுப் படித்தார். நாப்பது நாளுங்க என்ற இடத்தில் சிரித்தார். அப்புறம் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் அதன் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் கடைசியாக நீங்கள் நிரப்பியிருந்தது, அவசரத்துக்கு உள்ளூரில் யாரைக் கூப்பிடலாம் என்ற கட்டம். என் பெயரையும் எண்ணையும் போட்டிருந்தீர்கள். உறவுமுறைக்கு ஒரு பட்டியல் விரிந்தது. வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், நண்பர். சம்பந்தி என்ற உறவு அந்த நாட்டில் கிடையாது போல. நண்பர் என்று போட்டிருந்தாலே எனக்குப் பெரிய மரியாதை. நீங்கள் உடன்பிறந்தவர் என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தீர்கள்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்கு இல்லை. பெண் வீட்டுக்காரி என்ற நினைப்பிலேயே ஒவ்வொரு சொல்லாக எடை போட்டு உங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் எப்போதோ அந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டீர்கள், எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டாலும் அவர் கேட்ட கேள்வி என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் நீங்கள் தொட்ட அந்த ஒரு சொல்லும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். தூக்க முடிகிறது, அக்கா.